காம்பாக்ட் லைசென்ஸ் போதாது: அமெரிக்காவில் மயக்க மருந்து நர்ஸாகச் சேர ஒரு வழிகாட்டி

"அக்கா, என்கிட்ட காம்பாக்ட் லைசென்ஸ் இருக்கு. டெக்சாஸ்ல அனஸ்தீசியா படிச்சு முடிச்சதும் நேரா அரிசோனாவுல போய்ச் சேர்ந்துக்கலாம்ல?"

மதுரைப் பக்கம் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஹூஸ்டனில் நாலு வருடம் ஐசியுவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது அனஸ்தீசியா படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கும் ஒரு தங்கை போனில் கேட்டாள். ஒரு மாநிலத்தில் வாங்கிப் பல மாநிலங்களில் செல்லுபடியாகும் நர்ஸ் லைசென்ஸைத்தான் காம்பாக்ட் என்கிறார்கள். அதை வைத்து அங்கே நர்ஸாகச் சேரலாம், மயக்கம் கொடுக்க முடியாது என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. சேரும் தேதிவரை பேசி முடித்துவிட்டாளாம். "அந்த ரிக்ரூட்டர் ஒண்ணும் சொல்லலையே" என்றாள். சொல்ல மாட்டார். ஆளைப் பிடித்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. லைசென்ஸ் வராமல் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கப் போவது நாம்தான்.

அன்று போனில் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அமெரிக்காவில் சிஆர்என்ஏ என்று அழைக்கப்படும் மயக்க மருந்து நர்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கானது இது.

நம் ஊர் ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுப்பவர் டாக்டர். டெக்னீஷியனும் நர்ஸும் பக்கத்தில் நின்று, அவர் கை நீட்டியதும் மூச்சுக்குழாய்க்குள் போடும் ட்யூபை எடுத்துத் தருவார்கள். அமெரிக்காவில் அந்த ட்யூபைப் போடுபவரே நர்ஸாக இருக்கலாம். அது புதுசும் இல்லை. மினசோட்டாவின் ராச்செஸ்டரில் மேயோ சகோதரர்கள் என்ற சர்ஜன்களின் நோயாளிகளுக்கு ஈதர் என்ற அந்தக்கால மயக்க மருந்தைக் கொடுத்துவந்த ஆலிஸ் மகா என்ற நர்ஸ், 14,000க்கும் மேற்பட்ட ஆபரேஷன்களில் மயக்க மருந்தால் ஒரு சாவுகூட இல்லை என்று 1906இல் கணக்கு எழுதி வெளியிட்டார். அப்புறம் வழக்குகள் வந்தன. நர்ஸ் மயக்கம் கொடுத்தால் அது லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்ப்பது ஆகாதா என்பது கேள்வி. கென்டக்கியில் 1917இலும் கலிபோர்னியாவில் 1936இலும் நீதிமன்றங்கள் ஆகாது என்றன. சர்ஜனின் சொல்படி செய்கிறார், எனவே அது நர்சிங் வேலைதான் என்பது அவர்கள் சொன்ன காரணம். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த அந்தக் காரணமே, 'யார் சொல்படி?' என்ற கேள்வியையும் இந்தத் தொழிலோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அதற்கு இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் பதில் வேறு. நாம் படிக்கப்போகும் விதிகளில் பாதி இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

ஒரு நோயாளிக்கு நீங்கள் மயக்கம் கொடுக்க நான்கு பேருடைய சம்மதம் வேண்டும். தேசியச் சான்றிதழ் தரும் என்பிசிஆர்என்ஏ வாரியம், மாநில நர்சிங் போர்டு, பணம் கட்டுகிறவர், ஆஸ்பத்திரி. பணம் கட்டுகிறவர் என்றால் முதியோரைப் பொறுத்தவரை மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர். ஒருவர் கொடுத்ததை அடுத்தவர் குறைக்கலாம், கூட்ட முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது குழப்பாது.

1. படிப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. முதலில் அமெரிக்க ஆர்என் லைசென்ஸ், அதாவது பதிவுபெற்ற நர்ஸ் லைசென்ஸ். இந்தியாவில் படித்தவர்கள் சான்றிதழ்களை மதிப்பிடக் கொடுத்து, என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வை எழுத வேண்டும். அந்தத் தேர்வை எழுதச் சென்னையிலேயே மையம் உண்டு. பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஒரு வருட முழுநேர அனுபவம். ஒரு வருடம் என்பது விண்ணப்பிக்கத்தான். இடம் கிடைக்கிறவர்களிடம் பெரும்பாலும் அதைவிட அதிகம் இருக்கும். வெண்டிலேட்டர், ரத்த அழுத்தத்தை ஏற்றும் வாசோபிரஸர் சொட்டு, தமனிக்குள் போடும் ஆர்ட்டீரியல் லைன் என்று நிஜமாகவே கைப்பழக்கம் உள்ள ஐசியுவாக இருக்கட்டும்.

அடுத்து, சிஓஏ என்ற அங்கீகாரக் குழு ஒப்புக்கொண்ட படிப்பு. மூன்று வருடம். முன்பெல்லாம் முதுநிலைப் பட்டம் போதும். 2022 ஜனவரி முதல் சேருகிற எல்லோரும் டாக்டரேட் படிப்பில்தான் சேர வேண்டும். 600க்கு மேல் கேஸ்கள், 2,000 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி.

இந்தியாவில் அனஸ்தீசியா டெக்னாலஜி படித்தவர்கள் அடிக்கடி கேட்பதால் ஒரு வார்த்தை. அந்தப் பட்டம் இந்தப் பாதைக்குள் வராது. நர்சிங் பட்டம் இல்லாமல் நுழைய வழியே இல்லை. இந்தியாவில் எத்தனை வருடம் மயக்க மருந்துத் துறையில் வேலை பார்த்திருந்தாலும், சிஓஏ அங்கீகரித்த படிப்பை இங்கே முடிக்காமல் தேசியத் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

2. பெயரைச் சரிசெய்யுங்கள்

எந்தக் கையேட்டிலும் இல்லாத படி இது. தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டுகிறோம்.

நர்சிங் கவுன்சில் பதிவில் என் பெயர் முன்னால் ஒற்றை இனிஷியலோடு இருந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் கடைசிப் பெயராக வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு டிரைவிங் லைசென்ஸில் வீட்டுக்காரர் பெயர் ஏறியது. இந்தியப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பின்னால். எல்லாம் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. என் முதல் மயக்க மருந்து லைசென்ஸ் விண்ணப்பம் ஒரு மாநில போர்டில் ஆறு வாரம் அப்படியே கிடந்தது. என்ன குறை என்று ஒரு கடிதம்கூட இல்லை. நானாகப் போன் போட்டுக் கேட்டபோது, "உங்கள் கைரேகை அறிக்கை வேறு யாரோ ஒருவர் பெயரில் வந்திருக்கிறது" என்றார்கள். அந்த வேறு யாரோ நான்தான்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சடித்து விடுவார்கள், முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். ஆர்என் லைசென்ஸில் 'எஃப்என்யு' என்றே பெயராகிப்போன ஒருவரை எனக்குத் தெரியும்; டியூட்டி ரூமில் அவரை ஃபானு என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆகவே படிப்பின் இரண்டாம் வருடத்திலேயே உட்கார்ந்து, எந்தப் பெயர் உங்கள் பெயர் என்று முடிவெடுங்கள். டிரைவிங் லைசென்ஸ், சோஷியல் செக்யூரிட்டி, ஆர்என் லைசென்ஸ், கல்லூரிப் பதிவு, என்பிசிஆர்என்ஏ கணக்கு, இந்த ஐந்திலும் எழுத்துக்கு எழுத்து அதுவே இருக்க வேண்டும். தேர்வு மையத்தில் அடையாள அட்டைப் பெயர் ஒத்துவரவில்லை என்றால் உள்ளே விடமாட்டார்கள். கல்யாணச் சான்றிதழின் நோட்டரி நகல் நாலைந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. தேசியத் தேர்வு

பட்டம் கையில் வந்ததும் எழுதுவது என்சிஇ என்ற தேசியச் சான்றிதழ் தேர்வு. கம்ப்யூட்டர் உங்கள் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். குறைந்தது 100 கேள்வி, அதிகபட்சம் 170, மூன்று மணி நேரம். சிலருக்கு நூற்றுச் சொச்சத்தில் திரை அணைந்துவிடும். சீக்கிரம் அணைந்தால் தேர்ச்சி என்று ஒரு நம்பிக்கை ஊருக்குள் உலவுகிறது. நன்றாக எழுதினாலும் சீக்கிரம் நிற்கும், மோசமாக எழுதினாலும் சீக்கிரம் நிற்கும். வண்டியில் உட்கார்ந்து அழுவதற்கு முன் முடிவு வரட்டும்.

தேறினால் சிஆர்என்ஏ என்ற எழுத்துகள் உங்களுடையவை. ஆனால் இது சான்றிதழ், லைசென்ஸ் அல்ல. இரண்டும் ஒன்று என்று நினைத்து வேலையில் சேரும் தேதியைக் குறித்துக் கொடுப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு.

4. மாநில நர்சிங் போர்டு

இங்கேதான் அந்தத் தங்கையின் கேள்வி வருகிறது. காம்பாக்ட் என்பது ஆர்என் லைசென்ஸுக்கு மட்டும். நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு, ஒரு மாநிலத்தில் வாங்கிய பலமாநில ஆர்என் லைசென்ஸை மற்றவற்றிலும் ஏற்றுக்கொள்கின்றன. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் சேரவில்லை. மயக்க மருந்து நர்ஸ் வருவது ஏபிஆர்என் என்ற உயர்நிலை நர்ஸ் பிரிவில். அதற்குத் தனியாக ஒரு காம்பாக்ட் எழுதி வைத்திருக்கிறார்கள்; ஏழு மாநிலங்கள் சட்டமாக்கினால்தான் உயிர் வரும் என்பது அதன் நிபந்தனை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இன்றைய நிலையில் எந்த மாநிலத்தில் மயக்கம் கொடுக்கிறீர்களோ அந்த மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும். மூன்று மாநிலத்தில் வேலை என்றால் மூன்று விண்ணப்பம், மூன்று கட்டணம்.

ஆர்என் காம்பாக்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு காம்பாக்ட் மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு வீடு மாறினால், 60 நாளுக்குள் புது மாநிலத்தில் ஆர்என் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜனவரியில் வந்த விதி. மயக்க மருந்து லைசென்ஸ் ஆர்என் லைசென்ஸின் தலைமேல் உட்கார்ந்திருப்பது. அடியில் உள்ளது ஆடினால் மேலே உள்ளதும் சேர்ந்து ஆடும்.

விண்ணப்பத்துக்கு என்னென்ன போகும்? கல்லூரியிலிருந்து நேராக மதிப்பெண் பட்டியல். என்பிசிஆர்என்ஏவிடமிருந்து நேராகச் சான்றிதழ் உறுதி; நீங்கள் நகல் அனுப்பினால் எடுக்க மாட்டார்கள். கைரேகை, குற்றப் பின்னணிச் சோதனை. இதற்கு முன் இருந்த மாநில லைசென்ஸ்களின் விவரம், பெரும்பாலும் நர்சிஸ் என்ற பொதுத் தரவுத்தளம் வழியாக.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் கல் மதிப்பெண் பட்டியல்தான். பாடம் முடிந்த தேதி வேறு, பட்டம் வழங்கப்பட்ட தேதி வேறு. மே மாதம் கேக் வெட்டியிருப்பீர்கள், பல்கலைக்கழகம் பட்டத்தைப் பதிவில் ஏற்றுவது ஜூன் நடுவில் இருக்கலாம். 'பட்டம் வழங்கப்பட்டது' என்ற வரி இல்லாத பட்டியல் போர்டுக்குப் போனால் அது வெறும் காகிதம். பதிவாளர் அலுவலகத்தில் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கி, அதற்குப் பிறகே பட்டியலை அனுப்பச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் அதற்கு முன்பே ஆன்லைனில் ஏற்றி வைத்துவிடலாம்.

தேர்வு முடிவுக்கு முன்பே தற்காலிக அனுமதி தரும் மாநிலங்கள் உண்டு, தராதவையும் உண்டு. போர்டின் இணையதளத்திலேயே பாருங்கள், சீனியர் சொன்னதை நம்பாதீர்கள். அவர் வாங்கியபோது இருந்த விதி இப்போது இருக்க வேண்டுமென்று இல்லை. பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெகுகாலமாக மயக்க மருந்து நர்ஸ் என்ற ஒரு வகையே சட்டத்தில் கிடையாது, ஆர்என் என்ற பெயரில்தான் வேலை செய்தார்கள். 2021இல்தான் சட்டம் அந்தப் பெயரை ஒப்புக்கொண்டது. நியூயார்க்கும் நெடுங்காலம் அப்படித்தான், தனி லைசென்ஸ் இல்லாமல் சுகாதாரத் துறையின் ஆஸ்பத்திரி விதிகளை வைத்தே வண்டி ஓட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் எவ்வளவு வித்தியாசம் என்று காட்ட, நான் நன்றாகப் படித்த இரண்டு மூன்றைச் சொல்கிறேன்.

டெக்சாஸில் மயக்கம் கொடுக்க டாக்டரின் உத்தரவு வேண்டும். 'அனஸ்தீசியா கொடுக்கவும்' என்ற அளவில் இருந்தால் போதும். எந்த மருந்து, எவ்வளவு, எந்த முறை என்று அதில் எழுத வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. ஆஸ்பத்திரியில் அதன் பிறகு தேர்வு உங்களுடையது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக மருந்துச் சீட்டு எழுத வேண்டுமானால் அதற்குத் தனி அதிகாரம், தனி விண்ணப்பம்.

புளோரிடாவில் ஆஸ்பத்திரியின் மருத்துவர் குழு ஒப்புக்கொண்ட எழுத்து நெறிமுறை எந்த அளவுக்கு அனுமதிக்கிறதோ அந்த அளவுக்குத்தான் செய்யலாம். 2020இல் அங்கே உயர்நிலை நர்ஸ்கள் டாக்டர் இல்லாமல் தனியாக வேலை செய்ய ஒரு சட்டம் வந்தது. புளோரிடாவில் இனி சுதந்திரம் என்று பலர் பேசிக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தில் மயக்க மருந்து நர்ஸ்கள் இல்லை. தலைப்பை மட்டும் படித்தவர்கள் ஏமாந்தார்கள். நியூஜெர்சி ஆஸ்பத்திரிகளிலோ அனஸ்தீசியா டாக்டரோடு கூட்டு நெறிமுறை வேண்டும்.

5. ஆப்ட் அவுட் வரைபடம்

இணையத்தில் தேடினால் அமெரிக்க வரைபடம் ஒன்று வரும். சில மாநிலங்கள் பச்சை, சில சிவப்பு. பச்சையில் இருந்தால் டாக்டர் மேற்பார்வை தேவையில்லை, சிவப்பில் இருந்தால் தேவை என்று வேலை தேடுகிறவர்கள் அதை வைத்தே முடிவு செய்கிறார்கள். அந்த வரைபடம் சொல்வது வேறு.

மெடிகேர் பணம் வாங்கும் ஆஸ்பத்திரிகளுக்கு மத்திய அரசு சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. அதில் ஒன்று: மயக்க மருந்து நர்ஸ், ஆபரேஷன் செய்பவரின் மேற்பார்வையிலோ, தேவைப்பட்டால் உடனே வரக்கூடிய அனஸ்தீசியா டாக்டரின் மேற்பார்வையிலோ இருக்க வேண்டும். கவனியுங்கள், சர்ஜன் இருந்தாலே இந்த நிபந்தனை நிறைவேறிவிடும். 2001 ஜனவரியில், கிளிண்டன் ஆட்சியின் கடைசி நாட்களில், இந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். புஷ் வந்ததும் அதை நிறுத்தி வைத்து, அதே வருடம் நவம்பரில் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். நிபந்தனை இருக்கும், வேண்டாத மாநிலத்தின் ஆளுநர் மருத்துவ போர்டையும் நர்சிங் போர்டையும் கலந்து பேசிவிட்டு ஒரு கடிதம் எழுதினால் அந்த மாநிலத்துக்கு விலக்கு. அதற்குப் பெயர்தான் ஆப்ட் அவுட். ஐயோவா முதலில் எழுதியது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் எழுதியிருக்கின்றன. கொலராடோ மாதிரி, கிராமப்புறச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் விலக்கு கேட்டு எழுதியதும் உண்டு. எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெறவும் முடியும்: மொன்டானாவில் 2005இல் ஓர் ஆளுநர் விலக்கை ரத்து செய்து, சில வாரங்களில் அவரே திரும்பக் கொடுத்தார்.

ஆக, அந்த வரைபடம் காட்டுவது ஆஸ்பத்திரிக்கான ஒரு மத்திய நிபந்தனையை மட்டும். மாநிலச் சட்டத்தை அது தொடுவதே இல்லை. டெக்சாஸ் விலக்கு கேட்கவில்லை, வரைபடத்தில் சிவப்பு. ஆனால் அங்கே வேலை எவ்வளவு விரிவாக இருக்கலாம் என்று மேலே பார்த்தோம். கலிபோர்னியா 2009இல் விலக்கு வாங்கியது. அனஸ்தீசியா டாக்டர்கள் வழக்குப் போட்டு, 2012இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அதனால் பச்சை. ஆனாலும் கலிபோர்னியாவில் மயக்கம் கொடுக்க டாக்டர், பல் டாக்டர், பாத டாக்டர் யாராவது ஒருவரின் உத்தரவு வேண்டும். ஆஸ்பத்திரி நிர்வாகமும் அதன் குழுவும் மயக்க மருந்து நர்ஸைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பல் கிளினிக்கில் முழு மயக்கம் என்றால் அந்தப் பல் டாக்டரிடம் தனி பெர்மிட் இருக்க வேண்டும். பச்சையை நம்பிப் போய் நின்றால் இதெல்லாம் வாசலில் காத்திருக்கும்.

வலி சிகிச்சை கிளினிக்கில் சேர நினைப்பவர்கள் இன்னும் ஒரு படி கூடுதலாகப் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டில் ஊசி போடும் நாள்பட்ட வலி சிகிச்சையை லூயிசியானா நீதிமன்றம் 2008இல் மருத்துவர் வேலை என்று சொல்லிவிட்டது. ஐயோவாவில் 2013இல், இப்படிப்பட்ட ஊசிகளுக்குப் பயன்படும் எக்ஸ்ரே திரையை உயர்நிலை நர்ஸ்கள் மேற்பார்க்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

6. மேற்பார்வையும் மெடிக்கல் டைரக்‌ஷனும்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். நான் அதிகம் சூடுபட்டதும் இங்கேதான்.

மேற்பார்வை என்பது மேலே சொன்ன ஆஸ்பத்திரி நிபந்தனை. மெடிக்கல் டைரக்‌ஷன் என்பது பில்லிங் சொல். அனஸ்தீசியா டாக்டர் ஒருவர் ஒரே நேரத்தில் அதிகபட்சம் நான்கு அறைகளை நடத்தி, மெடிகேரிடம் அதற்குப் பணம் கேட்க வேண்டுமானால், ஒவ்வொரு நோயாளிக்கும் ஏழு காரியம் செய்திருக்க வேண்டும். முன்பரிசோதனை, திட்டம் எழுதுவது, மயக்கம் ஏற்றும்போதும் தெளியும்போதும் கடினமான கட்டங்களிலும் தானே கூட இருப்பது, தான் செய்யாததைத் தகுதியுள்ளவர் செய்வதை உறுதிசெய்வது, அடிக்கடி வந்து பார்ப்பது, அவசரத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, பிறகான கவனிப்பு. ஏழும் இருந்தால் கட்டணம் பாதி டாக்டருக்கு, பாதி நர்ஸுக்கு. பில்லில் போடும் குறியீடு உங்கள் பக்கம் கியூ-எக்ஸ், நான்கு அறைவரை பார்க்கும் டாக்டர் பக்கம் கியூ-கே. டாக்டரின் டைரக்‌ஷன் இல்லாமல் நீங்களே செய்தால் கியூ-இசட், முழுக் கட்டணமும் உங்கள் பெயரில்.

சரி, இப்போது காலை 7:30 மணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நான்கு தியேட்டர், நான்கு முதல் கேஸ், நான்கு சர்ஜன்களும் கை கழுவிவிட்டு நிற்கிறார்கள். டாக்டர் ஒருவர். நான்கு மயக்கம் ஏற்றலிலும் அவர் எப்படி இருப்பார்? நேர்மையான இடங்களில் பத்து நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொரு அறையாக ஆரம்பிப்பார்கள். என் முதல் வேலையில் அப்படி இல்லை. கம்ப்யூட்டர் பதிவேட்டில் 'மயக்கம் ஏற்றும்போது டாக்டர் உடனிருந்தார்' என்ற பெட்டி முன்கூட்டியே டிக் அடித்து வந்துவிடும். அன்று அவர் மூன்றாம் அறையில் கஷ்டமான மூச்சுக்குழாய் ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தார். என் அறையில் ப்ரோபோஃபால் என்ற மயக்க ஊசி போய், ட்யூப் போய், சர்ஜன் கத்தி வைத்து இருபது நிமிடம் ஆனது. டாக்டர் எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த டிக்கை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பில்லிங் பகுதியிலிருந்து போன். "ஏன் அந்தப் பெட்டி காலியா இருக்கு?" "அவர் அங்கே இல்லையே." கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம், "சரி, கியூ-இசட்ல போட்டுடறேன்" என்றார். அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் டிக்கோடு விட்டிருந்தால் அது மத்திய அரசுக்குப் போகும் பொய்க் கணக்கு, அதில் என் கையெழுத்தும் இருந்திருக்கும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். செய்யட்டும்.

நேர்காணலில் இதைக் கேட்கத் தயங்காதீர்கள். "இங்கே பெரும்பாலும் கியூ-எக்ஸா, கியூ-இசட்டா? முதல் கேஸ்கள் ஒரே நேரத்தில் ஆரம்பிக்குமா?" இந்த இரண்டு கேள்விக்கு வரும் பதிலில் அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

7. ஆஸ்பத்திரியின் அனுமதி

லைசென்ஸ் வந்த பிறகும் ஆஸ்பத்திரி உங்களை ஒரு மூன்று நான்கு மாதம் காக்க வைக்கலாம். கிரெடென்ஷியலிங் என்பது உங்கள் காகிதங்களைச் சரிபார்ப்பது. பிரிவிலேஜ் என்பது இங்கே நீங்கள் என்னென்ன செய்யலாம் என்று எழுதித் தருவது. இரண்டாவதுதான் முக்கியம். முதுகுத்தண்டு ஊசிகளில் ஸ்பைனல் உண்டு, எபிடியூரல் கிடையாது. பெரிய ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் போட டாக்டர் கூட இருக்க வேண்டும். கை காலை மட்டும் மரத்துப்போக வைக்கும் நரம்பு பிளாக் வேண்டவே வேண்டாம். மாநிலச் சட்டம் முழுசாகத் திறந்துவிட்ட இடத்திலும் பெரிய நகரத்து ஆஸ்பத்திரி இப்படிச் சுருக்கிவிடலாம். மேற்பார்வை கேட்கும் மாநிலத்தில், 25 படுக்கைக்கு மேல் போகாத கிராமத்து ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கு சிசேரியனுக்கு மயக்கம் கொடுப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்றும் இருக்கலாம். அங்கே மேற்பார்வை என்பது எதிரே நிற்கும் சர்ஜன். படித்த கையை வைத்திருக்க நினைப்பவர்களுக்கு அந்த மாதிரி இடம் நல்லது என்பது என் கருத்து, ஆனால் படித்து முடித்ததும் நேராக அங்கே போகாதீர்கள். பக்கத்து அறையில் கூப்பிட ஒரு சீனியர் இருக்கும் இடத்தில் இரண்டு வருடமாவது இருந்துவிட்டுப் போங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பிரிவிலேஜ் படிவத்தின் வெற்று நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

8. மற்ற காகிதங்கள்

மருத்துவ சேவை தருகிறவர்களுக்கான என்பிஐ என்ற பத்து இலக்க அடையாள எண் இலவசம். மாணவராக இருக்கும்போதே எடுக்கலாம். மெடிகேரில் பெயர் சேர்ப்பதை முதலாளியின் அலுவலகம் செய்யும், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான மத்திய அரசுப் பதிவான டிஇஏ எண் எல்லோருக்கும் தேவையில்லை. ஆஸ்பத்திரியின் ஊழியராக அங்கேயே ஃபென்டனைல் மாதிரி கட்டுப்பாட்டு வலி மருந்து கொடுப்பதற்கு ஆஸ்பத்திரியின் பதிவே பொதுவாகப் போதும். சீட்டு எழுதினால், கிளினிக்குகளில் தனியாக மருந்து வைத்து வேலை செய்தால் வேண்டும். அதற்கு எட்டு மணி நேரப் பயிற்சி ஒன்றும் 2023 முதல் கட்டாயம். மீந்த ஃபென்டனைலைக் கொட்டும்போது சாட்சிக் கையெழுத்து வாங்காமல் விட்டால் எந்த எண்ணும் உங்களைக் காப்பாற்றாது.

பொறுப்புக் காப்பீட்டில் இரண்டு வகை. சம்பவம் நடந்த நாளில் காப்பீடு இருந்தால் எப்போது வழக்கு வந்தாலும் ஏற்கும் வகை ஒன்று. வழக்கு வரும்போதும் காப்பீடு நடப்பில் இருந்தால்தான் ஏற்கும் வகை மற்றது. இரண்டாவதாக இருந்தால் வேலையை விட்டு விலகும்போது 'டெயில்' என்று ஒரு வால் காப்பீடு வாங்க வேண்டும், பெரிய தொகை. அதை யார் கட்டுவது என்று சேரும்போதே எழுதி வாங்குங்கள்.

9. புதுப்பித்தல்

தேதிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. மாநில லைசென்ஸ் பல இடங்களில் இரண்டு வருடம். தேசியச் சான்றிதழ் நான்கு வருடம், அதற்குள் தொடர்கல்வியில் மதிப்பீட்டோடு கூடிய 60 ஏ-வகைக் கிரெடிட், 40 பி-வகைக் கிரெடிட் சேர்க்க வேண்டும். டிஇஏ மூன்று வருடம். சான்றிதழ் காலாவதியானால் மாநில லைசென்ஸும் கூடவே செல்லாமல் போகலாம். புதுப்பித்தல் நினைவூட்டல் வராமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய கல்லூரி மின்னஞ்சல் முகவரிதான். பட்டம் வாங்கிய வாரமே எல்லாக் கணக்கிலும் சொந்த முகவரியை மாற்றுங்கள்.

10. உங்களை என்னவென்று அழைத்துக்கொள்ளலாம்

நம் தேசியச் சங்கம் 1931இல் தொடங்கியது. 2021இல் தன் பெயரில் இருந்த 'அனஸ்தெடிஸ்ட்ஸ்' என்பதை 'அனஸ்தீசியாலஜி' என்று மாற்றிக்கொண்டது. அதே வருடம் நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றம், அங்கே அனஸ்தீசியாலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர் மருத்துவ லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும் என்ற மருத்துவ போர்டின் முடிவைச் சரி என்றது. ஜார்ஜியா 2023இல் இன்னொரு சட்டம் போட்டது. டாக்டரேட் வாங்கிய நர்ஸ் தன்னை டாக்டர் என்று நோயாளியிடம் சொன்னால், தான் மருத்துவர் அல்ல என்பதையும் கூடவே தெளிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் மாநிலத்தில் என்ன விதி என்று பார்த்துவிட்டு அடையாள அட்டைக்குச் சொல்லுங்கள். நான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் சொல்கிறேன்: "என் பெயர் இது, நான் சிஆர்என்ஏ, உங்களுக்கு மயக்கம் கொடுக்கப்போகிறவள்."

ஊரில் அம்மா இன்னும் எல்லோரிடமும் பொண்ணு அமெரிக்காவில் டாக்டர் என்றுதான் சொல்கிறார். பட்டமளிப்பு போட்டோவில் பல்கலைக்கழகமே டாக்டர் என்று எழுதியிருக்கிறதே என்று என்னிடமே திருப்பிக் கேட்கிறார். அவர் ஜார்ஜியாவில் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.